மாப்பிள்ளை ஏன் சாப்பிடவில்லை

ஹொன்னேகொப்பா
9-7-1994, சனிக்கிழமை

என் வீட்டுக்காரர் ஈரப்பா அவர்களுக்கு, மாதேவி வணங்கி எழுதிக்கொள்வது.

இங்கே நான் நலம். கோழிகள் நலம். மாப்பிள்ளையைக் கொடுத்து நம் பூங்கா வாங்கிய ஜோடி வரிக்குதிரையும் நலம். அங்கே நீங்களும் மாப்பிள்ளையும் நலமில்லை என்று புதன்கிழமை வந்த உங்கள் கடிதம் சொல்லிவிட்டது. அதனால் நலமா என்று கேட்கப்போவதில்லை.

வியாழக்கிழமை ஒரு தந்தி அடித்தேன், வந்ததா? “குழாய் வேண்டாம். கடிதம் வருகிறது. பொறுக்கவும்.” தந்தி ஆபீஸ் குமாஸ்தா அதை மூன்று தடவை படித்தார். “ஏம்மா, ஜெர்மனியில இருக்கற மனுஷனுக்கு இங்க தண்ணிக் குழாய் போடறதைப் பத்தி என்னம்மா கவலை?” என்றார். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு வந்தேன். பதினாறாம் தேதிக்குள் மாப்பிள்ளை தானாகச் சாப்பிடவில்லை என்றால் தொண்டையில் குழாய் விட்டு அரைத்த கறியை ஊற்றப்போகிறார்கள் என்று நீங்கள் எழுதியதைப் படித்ததிலிருந்து எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

போன் பண்ணியிருக்கலாம். ஆனால் பூத்தில் நின்று கத்திப் பேச வேண்டும். அந்தப் பக்கம் எப்போது போனாலும் நம் பாபண்ணா டீ குடித்துக்கொண்டிருப்பான். அவன் போய்ப் பூங்கா யானைக் கொட்டடியில் சொன்னால் சாயங்காலத்துக்குள் ஊருக்கே தெரிந்துவிடும். நான் சொல்லப்போவது கத்திச் சொல்கிற விஷயம் இல்லை. நல்லவேளையாக நம் பூங்கா டாக்டர் பிரமிளாவின் தம்பி திங்கட்கிழமை பம்பாயிலிருந்து ஜெர்மனிக்குப் பறக்கிறார். இந்தக் கடிதத்தையும் ஒரு பொட்டலத்தையும் அங்கே இறங்கியதும் தபாலில் போடுவதாகச் சொல்லியிருக்கிறார். புதன் அல்லது வியாழன் உங்கள் கைக்கு வந்துவிடும்.

முதலில் ஊர்ச் செய்தி. மழை பிடித்துக்கொண்டது. கூரையில் இரண்டு ஓடு நகர்ந்து, சரியாக உங்கள் சான்றிதழ் மாட்டியிருக்கும் சுவரில் தண்ணீர் இறங்கியது. கழற்றித் துடைத்து அரிசிப் பெட்டிமேல் வைத்திருக்கிறேன். வரிக்குதிரைகள் நம் மழைப் புல்லைத் தின்று பீப்பாயாகிவிட்டன. ஞாயிற்றுக்கிழமைகளில் கூட்டம் தாங்கவில்லை. ஒரு கிழவர், “கழுதைக்கு இவ்வளவு நல்லா பெயின்ட் அடிச்சவன் யாருப்பா?” என்று பாபண்ணாவிடம் கேட்டாராம். “சாகேப்தான் அடிச்சாரு” என்று அவனும் சொல்லியிருக்கிறான்.

சாகேப் சிரிக்கிற நிலையில் இல்லை. அந்த ஜெர்மனிப் பூங்காக்காரர்கள் அவருக்கும் எழுதியிருக்கிறார்கள். வெறும் எலியைத் தின்னும் என்று கையெழுத்துப் போட்டு உங்கள் பூங்கா அனுப்பிய ராஜநாகம் பதினோரு வாரமாக எலியை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது, ஒன்பது கிலோவில் ஏழுதான் மிச்சம், நாலு வேளை ஒழுங்காகச் சாப்பிடும்வரை உங்கள் ஆள் இங்கேயே இருக்கட்டும் என்று. என்னைத் தீனிக்கூடத்திலிருந்து தன் ஆபீஸுக்குக் கூப்பிட்டு அதைப் படித்துக் காட்டினார். “மாதேவி, ஈரப்பா இடுக்கியில நீட்ட, மாப்பிள்ளை வந்து வெறும் எலியை லபக்குனு வாங்கினதை இந்தக் கண்ணால பாத்தேனே. அங்க போய் ஏன் இப்படிப் பண்றான்?” என்றார். ஊர் மாறிய ஏக்கமாக இருக்கும் என்று சொல்லிவிட்டுக் கீழே பார்த்துக்கொண்டு நின்றேன்.

நீங்களும் அதைத்தான் எழுதியிருக்கிறீர்கள். கூண்டுக்குச் சூடேற்ற வெந்நீர்க் குழாய் ஓடுகிறது, மழைகூட மேலிருந்து விழ வைக்கிறார்கள், ஆனாலும் அவனுக்கு ஊர் நினைப்பு, எனக்கும் எதுவும் இறங்கவில்லை, ரொட்டியும் ஆப்பிளும் கடித்துப் படுத்துவிடுகிறேன் என்று. பாம்பைத் தின்கிற ஊருக்குப் போனால் நடுத்துண்டு எனக்கு என்று கேட்க வேண்டும் என்பார்கள். நீங்கள் போன ஊரில் நீங்களும் பட்டினி, உங்கள் பாம்பும் பட்டினி. நல்ல ஜோடி.

அவனுக்கு ஊர் நினைப்பு இல்லை. அவன் ஏன் சாப்பிடவில்லை என்று எனக்குத் தெரியும். அதைச் சொல்லத்தான் உட்கார்ந்தேன். மூன்று தாள் கிழித்தாயிற்று. நேராகச் சொல்ல வரவில்லை, கொஞ்சம் சுற்றித்தான் வருவேன். திட்டாமல் படியுங்கள்.

நமக்குக் கல்யாணமான வருஷம், மழை இரண்டு நாள் விட்டிருந்தபோது, ஹெக்டேயின் பாக்குத் தோட்டத்து வழியாக நடந்து வந்தோமே, நினைவிருக்கிறதா? ஓடைக்கரையில் ஒரு ராஜநாகம் சாரையைப் பிடித்துவிட்டிருந்தது. சாரை ஒன்பது அடி இருக்கும். கழுத்தைக் கவ்வியவன் விடவே இல்லை. சாரை ஒரு பாக்கு மரத்தைச் சுற்றிக்கொண்டு இழுத்தது. அது அடங்கும்வரை பொறுத்திருந்து, தலையைத் தேடிப் பிடித்து, அங்கிருந்து விழுங்க ஆரம்பித்தான். நான் ஓடப்பார்த்தேன். “சாப்பிடறவனை எழுப்பக்கூடாது. சும்மா நில்லு” என்று என் கையைப் பிடித்தீர்கள். நீங்கள் என் கையைப் பிடித்தது அன்றுதான் முதல் தடவை. கடைசியில் சாரையின் வால் மட்டும் வெற்றிலைக் காம்பு மாதிரி அவன் வாயில் நீட்டிக்கொண்டிருந்தது. நாலு மணி பஸ் போய்விட்டது. ஏழு மைல் நடந்தோம். வழியெல்லாம் நீங்கள் பாம்பைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தீர்கள். இவர் பேச்சைக் கேட்டுக்கொண்டே எவ்வளவு தூரமும் நடக்கலாம் என்று அன்றைக்கு நினைத்தேன். இதுவரை உங்களிடம் சொன்னதில்லை.

மாப்பிள்ளையும் அப்படித் தின்று வளர்ந்தவன்தான். வாழைத் தோட்டத்து நைலான் வலையில் சிக்கி, உடம்பெல்லாம் அறுபட்டு வந்தபோது பயத்தில் கக்கினானே, பாதி செரித்த பச்சை விரியனும் ஒரு சாரைக்குட்டியும். பூங்காவுக்கு வருகிறவர்கள் இவன் என்ன தின்பான் என்று கேட்டால், “சொந்தக்காரனைத்தான். எங்க சித்தப்பா மாதிரி” என்பீர்கள். சித்தப்பா அதைக் கேட்டு ஒரு வருஷம் நம் வீட்டுப் படி மிதிக்கவில்லை.

மாப்பிள்ளை என்று பெயர் வைத்ததும் நீங்கள்தான். இலை போட்டாலும் கை வைக்க மாட்டான், பத்துத் தடவை கெஞ்ச வேண்டும் என்று. உங்கள் அம்மா அதற்கு, “பொண்ணு பெக்காத வீட்டுக்கு மாப்பிள்ளை ஒரு கேடா?” என்றார்கள். அன்று நீங்கள் சாப்பிடவில்லை, நானும் சாப்பிடவில்லை. மறுநாளிலிருந்து நான் அவனை வேண்டுமென்றே சத்தமாக மாப்பிள்ளை என்று கூப்பிட ஆரம்பித்தேன். பெரியவர்கள் போய்ச் சேர்ந்துவிட்டார்கள், குறை சொல்லவில்லை. ஆனால் அவன் அப்படித்தான் நம் வீட்டு ஆளானான்.

காட்டில் அவனுக்கு வாரத்துக்கு ஒரு பாம்பு கிடைக்கும். கூண்டில் யார் கொடுப்பது? ஒரு பாம்பைக் காப்பாற்ற வாரம் ஒரு பாம்பைக் கொன்றேன் என்று நான் எப்படி ஃபைலில் எழுதுவது என்று சாகேப் கையை விரித்தார். எலிக்குப் பழக்குகிறேன் என்று நீங்கள் இறங்கினீர்கள். முதலில் அடிபட்டுச் செத்த சாரையின் தோலுக்குள் எலியை வைத்துத் தைத்தோம். தைத்தது நான். என் கல்யாணப் புடவைக்குத் தலைப்பு மடித்துத் தைத்த ஊசி அது. பிறகு சாரைத் துண்டோடு எலியைக் கட்டினோம். பிறகு சாரை உரித்துப்போட்ட சட்டையை ஊறவைத்து எலிமேல் தேய்த்துக் கொடுத்தோம். ஒவ்வொரு மாதமும் தேய்ப்பதைக் குறைத்தோம். அந்த எட்டு மாதம் மாதிரி நாம் சந்தோஷமாக இருந்த காலம் வேறு உண்டா என்று இப்போது மழைக்குள் தனியாக உட்கார்ந்து யோசிக்கிறேன். தீனிக்கூடத்து மேடையில் ஒரே விளக்கில் குனிந்துகொண்டு, செத்த எலியை நடுவில் வைத்து, இன்னும் கொஞ்சம் தேய், போதும் போதும் என்று நீங்கள் சொல்ல நான் தேய்க்க.

கடைசியில் வெறும் எலி. நாற்பத்தொரு நாள் அவன் தொடவில்லை. நாக்கை நீட்டுவான், தலையைத் திருப்பிக்கொள்வான். நாற்பத்தொரு நாளும் நீங்களும் சரியாகச் சாப்பிடவில்லை. கன்னம் ஒட்டிப்போய், “எட்டு மாசம் வீணாப்போச்சு மாதேவி. எனக்குக் கைராசி இல்லை” என்றீர்கள். பாபண்ணா வேறு, மாமியாரைக் கூட்டி வந்து பரிமாறச் சொல்லு என்று கிண்டல் பண்ணினான்.

நாற்பத்திரண்டாம் நாள் அவன் தின்றான். உங்கள் பொறுமைக்குக் கிடைத்த பலன் என்று எல்லோரும் சொன்னார்கள். நீங்கள் தீனிக்கூடத்து வாசலில் வந்து நின்று அழுதீர்கள். ஊருக்கெல்லாம் ஜிலேபி கொடுத்தீர்கள்.

அது வெறும் எலி இல்லை.

காலையில் உங்களுக்குத் தெரியாமல் நான் அதைப் பூந்திக்கொட்டை நுரையில் கழுவி, சாரைச் சட்டையை நனைத்துத் தலையிலிருந்து முன்னங்கால்வரை தேய்த்துத்தான் தட்டில் வைத்தேன். மூக்குப்பொடி போட்டுப் போட்டு உங்கள் மூக்கு செத்துப் பல வருஷமாகிறது, உங்களுக்குத் தெரியவில்லை. ஒரு தடவை அவன் வயிறு நிறையட்டும், அடுத்த வாரம் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். அடுத்த வாரம் பேப்பர்காரன் வந்து போட்டோ எடுத்தான். அதற்கடுத்து சான்றிதழ், சால்வை. சால்வையோடு வீட்டுக்கு வந்து கண்ணாடிமுன் நின்றீர்களே, அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு என்னவென்று சொல்வேன்? நாலு வருஷமாக ஒவ்வொரு எலியும் என் கை தேய்த்த எலிதான். சாரைக் கூண்டு பெருக்கும் லிங்கி உரித்த சட்டைகளை எனக்கு எடுத்து வைப்பாள். எதற்கு என்று கேட்டதற்குத் தலைவலி மருந்து என்று சொல்லியிருக்கிறேன். பாவம், அவளும் ஒன்றை அரைத்து நெற்றியில் போட்டுக்கொண்டு, நல்லா கேக்குது அக்கா என்றாள்.

ஜெர்மனிப் பேச்சு வந்தபோதாவது சொல்லியிருக்க வேண்டும். நீங்கள் அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடுகிறபோது பக்கத்தில்தான் நின்றேன். இத்தனை வருஷத்தில் பழகியிருப்பான், வாசனை இல்லாமலும் தின்பான் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நான் பண்ணியது தப்பு. பெரிய தப்பு. உங்களைத் தலைநிமிர வைக்கிறேன் என்று உங்களை அந்நிய தேசத்தில் தலைகுனிய வைத்துவிட்டேன்.

பொட்டலத்தில் ஒரு பவுடர் டப்பா இருக்கிறது. அதில் சாரைச் சட்டை மூன்று, மடித்து வைத்திருக்கிறேன். வாசனைச் சோப்பு வேண்டாம். எலியின் சொந்த வாசனை போகும்வரை கழுவித் துடையுங்கள். சட்டையை வெதுவெதுப்பான தண்ணீரில் நனைத்து, மூக்கு, வாய், காது என்று தலையில் நன்றாகத் தேயுங்கள். அவன் தலையில்தான் ஆரம்பிப்பான், உங்களுக்குத் தெரியாததா. முதல் வேளைக்குச் சின்ன எலி போதும், வயிறு சுருங்கியிருக்கும்.

இதை நீங்கள் யாருக்கும் தெரியாமல் செய்துவிடலாம். முதலில் நானும் அப்படித்தான் நினைத்தேன். நாலு வேளை தின்ன வைத்துவிட்டு, ஊர் நினைப்பு தீர்ந்தது என்று சொல்லிவிட்டு, மானத்தோடு விமானம் ஏறிவிடலாம். பிறகு யோசித்தேன். நீங்கள் ஏறிய பிறகு அங்கே யார் தேய்ப்பார்கள்? உங்களோடு வேலை செய்கிற உர்சுலா என்ற பெண் வெறும் எலியை நீட்டுவாள். அவன் திருப்பிக்கொள்வான். அப்போது குழாயைத் தடுக்க நீங்களும் இருக்க மாட்டீர்கள். நான் செய்ததை நீங்களும் செய்யாதீர்கள். அந்தப் பெண்ணைப் பக்கத்தில் நிற்கவைத்து, அவள் கையாலேயே தேய்க்கச் சொல்லுங்கள். அவர்கள் பூங்காவிலும் பாம்புகள் சட்டை உரிக்கும், அதைக் குப்பையில் போடாமல் எடுத்து வைக்கச் சொல்லுங்கள். என் பெண்சாதி என்னை ஏமாற்றினாள் என்றே சொல்லுங்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. உங்களுக்கு அது எவ்வளவு கஷ்டம் என்று தெரியும். சால்வை போட்ட மனுஷன் நீங்கள்.

சாகேப்பிடம் நானே நேற்று சொல்லிவிட்டேன். நீங்கள் வந்த பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்று வைத்தால் அதற்குள் எனக்குத் தைரியம் போய்விடும். ஜெர்மனிக் கடிதத்தை எடுத்து இன்னொரு தடவை படித்தார். பிறகு, “நாலு வருஷமா? வாராவாரமா?” என்று மட்டும் கேட்டார். ஆமாம் என்றேன். “ஈரப்பாவுக்குத் தெரியாதா?” என்றார். தெரியாது என்றேன். “அப்ப அந்த ஆளுக்கு மூக்கும் இல்ல, அதிர்ஷ்டத்துக்கு ஒரு குறையும் இல்ல” என்றார். அது திட்டா பாராட்டா என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை. வேலை போகுமா என்பது அடுத்த வாரம் தெரியும். போனால் போகட்டும். மாப்பிள்ளை பிழைத்தால் போதும்.

பொட்டலத்தில் இன்னொரு டப்பா உண்டு. மூடியில் சிவப்பு நூல் கட்டியது. அது உங்களுக்கு. காய்ந்த இறாலை வறுத்து இடித்த சம்மந்திப் பொடி. அந்த ஊர் ரொட்டியில் தூவிச் சாப்பிடுங்கள். இரண்டு டப்பாவையும் மாற்றிவிடாதீர்கள்.

இறால் என்றதும் இன்னொன்றையும் சொல்லி முடித்துவிடுகிறேன். ஒரே மூச்சில் இரண்டு தப்பையும் ஒப்புக்கொண்டால் ஒரு திட்டோடு போகும்.

கடலோரத்திலிருந்து மலைக்குக் கல்யாணமாகி வந்த எனக்கு முதல் மழைக்காலத்தில் உங்கள் வீட்டுச் சாப்பாடு இறங்கவில்லை. மூங்கில் குருத்து, பலாக்கொட்டை, சேம்பு இலை. மீன் வாசனையே இல்லை. அரிசி ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு அழுவேன். நீங்கள் கொட்டும் மழையில் சைக்கிளில் மலையிறங்கிப் போய்க் காய்ந்த கானாங்கெளுத்தி வாங்கி வந்தீர்கள். உங்கள் அம்மாவுக்குத் தெரியாமல் டீக்கடை அடுப்பில் சுட்டு, ரொட்டிக்குள் தேய்த்து, தேக்கிலையில் சுருட்டிக் கொடுத்தீர்கள். நாளுக்கு நாள் மீனைக் குறைத்தீர்கள். ஒருநாள் வெறும் ரொட்டி கொடுத்துவிட்டுக் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்தீர்கள். நான் முழுசாகத் தின்றேன். “பாத்தியாம்மா, பழகிட்டா” என்று உங்கள் அம்மாவிடம் போய்ச் சொன்னீர்கள். பிற்பாடு மாப்பிள்ளையை எலிக்குப் பழக்க முடியும் என்ற தைரியமே உங்களுக்கு அதிலிருந்துதான் வந்தது. எத்தனை பேரிடம் சொல்லியிருக்கிறீர்கள்.

அன்றைக்கு என் மடியில் ஒரு பிடி காய்ந்த இறால் இருந்தது. என் அம்மா மூட்டையில் ஒளித்து அனுப்பியது. கதவுக்குப் பின்னால் உங்கள் கால் தெரிந்தது. நான் சாப்பிடாவிட்டால் அந்த முகம் வாடும் என்று தெரிந்தது. இரண்டு இறாலை எடுத்து ரொட்டிக்குள் வைத்துத் தின்றேன்.

ஆகவே நீங்கள் யாரையும் பழக்கவில்லை. இரண்டு தடவையும் நான்தான் ஏமாற்றினேன். இரண்டு தடவையும் காரணம் ஒன்றுதான்.

ஆனால் இதையும் கேளுங்கள். இப்போது எனக்கு மீன் இல்லாமலும் வெறும் ரொட்டி இறங்கும். எத்தனையோ வருஷமாக இறங்குகிறது. எதிரே நீங்கள் உட்கார்ந்து பாம்பைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தால் போதும், எவ்வளவு தின்றேன் என்பதே தெரியாது. இந்தப் பதினோரு வாரமாக நானும் தட்டை முகர்ந்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறேன்.

மாப்பிள்ளைக்குச் சட்டை அனுப்பிவிட்டேன். அவன் தின்றுவிடுவான், பயப்படாதீர்கள். மஞ்சுநாதசாமி அவனுக்கும் உங்களுக்கும் துணையிருக்கட்டும். நாலு வேளை ஆனதும் ஒரு நாள்கூடத் தாமதிக்காமல் புறப்பட்டு வாருங்கள். வந்து திட்டுங்கள். ரொட்டி சுட்டு வைத்துவிட்டு எதிரே உட்கார்ந்து கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு
உங்கள்
மாதேவி